தூரத்து நோயாளியும் கைப்பேசித் துணையும்



புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களை, அவர்கள் வீட்டில் இருக்கும்போதே கைப்பேசியின் உதவியால் கவனித்துக்கொள்ளும் முறை ஒன்று உலகில் பரவி வருகிறது. அதைப் பற்றியதே இம்மாதப் பாடம். "இது டாக்டர்கள் விஷயமாயிற்றே, கடைக்காரனுக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். லோபாக்கிலும் சிரம்பான் பட்டணத்திலும் கடை வைத்திருக்கும் நம்மில் பலருக்கு, சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருபவர்களே பழைய வாடிக்கைக்காரர்கள். யார் வீட்டில் கலியாணம், யார் வீட்டில் நோவு என்பது நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. மாதம் பத்துக் கிலோ அரிசி வாங்கிய வீட்டில் ஐந்து கிலோ போதும் என்கிறார்கள். மிளகாய்த்தூளை நிறுத்திவிட்டுப் பார்லியும் ரொட்டியும் கேட்கிறார்கள். அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அறிந்துகொள்வார். ஆகவே இப்பாடம் நமக்கும் உரியதே.

1. நோயின் கணக்கு

முதலில் கணக்கைப் பார்ப்போம். மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2007 முதல் 2011 வரையுள்ள ஐந்து ஆண்டுகளில் 103,507 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2012 முதல் 2016 வரையுள்ள அடுத்த ஐந்து ஆண்டுகளில் அத்தொகை 115,238 ஆக உயர்ந்தது. மார்பகப் புற்றுநோய், பெருங்குடல் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய் ஆகிய மூன்றுமே முன்னணியில் நிற்கின்றன. வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் சாத்தியம் நம் நாட்டுப் பெண்களில் 27 பேருக்கு ஒருவர் என்றும், இந்தியப் பெண்களில் 23 பேருக்கு ஒருவர் என்றும் அதே பதிவேடு கூறுகிறது.

இதைவிட வருத்தம் தரும் கணக்கு வேறொன்று உண்டு. 2012 முதல் 2016 வரை கண்டுபிடிக்கப்பட்டவர்களில், நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் மூன்றாம் கட்டத்திலோ நான்காம் கட்டத்திலோதான் டாக்டரிடம் வந்து சேர்ந்தார்கள். நோய் முற்றி வந்தால் சிகிச்சையும் கடுமையாக இருக்கும். அதன் உபாதைகளும் அதிகமாக இருக்கும். அந்த உபாதைகளை நோயாளி எங்கே அனுபவிக்கிறார் என்பதுதான் நம் பாடத்தின் மையம்.

2. மீதி இருபது நாள்

இப்பொழுது மருந்து ஏற்றும் சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து என்றால், ஒரு நாள் ஆஸ்பத்திரியில். மீதி இருபது நாள் வீட்டில். வாந்தி, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், வலி, மூச்சுத்திணறல், எழுந்திருக்கவே முடியாத களைப்பு எல்லாம் அந்த இருபது நாளில்தான் வருகின்றன.

நம் மாநிலத்தின் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி சிரம்பானில் இருக்கும் துவாங்கு ஜாஃபார் ஆஸ்பத்திரி. புற்றுநோய்க்கென்றே அமைந்த தேசியப் புற்றுநோய்க் கழகம் 2013இல் புத்ரஜாயாவில் திறக்கப்பட்டது. கோலப்பிலா, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் புக்கிட் புத்துஸ் மலையைத் தாண்டி சிரம்பானுக்கு வர வேண்டும். புத்ரஜாயா போக வேண்டுமானால் அங்கிருந்தும் மேலே போக வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்குச் சீட்டுக்கு ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. கட்டணம் சொற்பமே. ஆனால் வாடகைக் கார் கூலியும், கூட வரும் மகனின் ஒரு நாள் சம்பளமும் சேர்ந்தால் அது சொற்பமல்ல.

எனவே நோயாளிகள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். "அடுத்த தேதிக்குப் போகும்போது சொல்லிக்கலாம் முதலாளி" என்று நம்மிடம் சொல்பவர்கள் பலர். பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பது ஒரு காரணம். உபாதையைச் சொன்னால் டாக்டர் மருந்தை நிறுத்திவிடுவாரோ என்ற பயம் இன்னொன்று. சில உபாதைகளை, சிறப்பாகப் பெண்கள், வெட்கத்தால் மறைத்துவிடுவது மூன்றாவது.

இப்படி மௌனமாக இருப்பதில் உயிருக்கே ஆபத்து உண்டு. மருந்து ஏற்றிய பின் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் இரத்தத்தில் பெரும்பாலும் மிகக் குறைந்திருக்கும். அந்நேரத்தில் உடற்சூடு 38 டிகிரியை எட்டினால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. சில மணி நேரத்திலேயே கிருமி இரத்தத்தில் பரவி உயிரைப் போக்கிவிடக்கூடும். வீட்டார் சூடு பார்க்காமலே பனடோல் கொடுத்துப் படுக்க வைத்தால், காய்ச்சல் மறைந்து நிற்கும், கிருமியோ மறையாது. விடிந்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாத காய்ச்சல் இது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

3. முறை எப்படி நடக்கிறது?

தொலைவிலிருந்து கவனிக்கும் முறை புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. நாள்தோறும் சிட்டை எழுதும் நமக்கு அது எளிதில் விளங்கும்.

நோயாளியின் கைப்பேசியில் ஒரு செயலி இருக்கும். தினமோ வாரம் ஒரு முறையோ அது சில கேள்விகள் கேட்கும். பசி எப்படி? வாந்தி உண்டா? வலி எவ்வளவு? மூச்சு வாங்குகிறதா? கைகால் மரத்துப் போகிறதா? ஒவ்வொன்றுக்கும் இல்லை, இலேசாக, நடுத்தரமாக, கடுமையாக, தாங்க முடியாமல் என்று 0 முதல் 4 வரை ஓர் எண்ணைத் தொட்டால் போதும். சில ஏற்பாடுகளில் உடற்சூடு, எடை ஆகியவற்றையும் வீட்டிலேயே அளந்து பதியச் சொல்வார்கள்.

பதிந்த கணக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறது. முன்பு 1 என்று இருந்த வலி திடீரென்று 3 ஆனால், சிகிச்சைக் குழுவின் தாதிக்கு உடனே எச்சரிக்கை போகும். தாதி நோயாளியை அழைத்து விசாரிப்பார். மருந்தை மாற்றச் சொல்வார். தேவையானால் டாக்டரிடம் கூறி அன்றே வரச் சொல்வார்.

இதில் இரண்டு அங்கங்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, நோயாளி உண்மையைப் பதிவது. மற்றொன்று, அந்தப் பதிவை ஒருவர் படித்து நடவடிக்கை எடுப்பது. இரண்டாவது இல்லையென்றால் முதலாவதால் பிரயோஜனம் இல்லை. எழுதிய சிட்டையை யாரும் புரட்டிப் பார்க்காத கடையில் பாக்கி எப்படி வசூலாகும்?

4. பரீட்சித்துக் கண்டவை

நியூயார்க் நகரத்தின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரியில், டாக்டர் ஈதன் பாஷ் என்பவரும் அவர் குழுவினரும் நோய் பரவிய நிலையில் சிகிச்சை பெற்ற 766 பேரை 2007 முதல் 2011 வரை சேர்த்து ஆராய்ந்தார்கள். ஒரு சாராருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றொரு சாரார் 12 உபாதைகளைக் கணினி வழியாகத் தெரிவித்து வந்தார்கள். 2016இலும் 2017இலும் முடிவுகள் வெளிவந்தன.

தெரிவித்து வந்தவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு வாழ்க்கை நிலை மேம்பட்டது. மற்றவர்களில் 18 பேருக்கே. ஓராண்டுக்குள் அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தவர்கள் இவர்களில் நூற்றுக்கு 34, மற்றவர்களில் 41. மருந்தைத் தாங்கித் தொடர்ந்த காலம் சராசரியாக இவர்களுக்கு 8.2 மாதம், மற்றவர்களுக்கு 6.3 மாதம். பாதிப்பேர் உயிரோடு கடந்த காலம் இவர்களில் 31.2 மாதம், மற்றவர்களில் 26 மாதம். புதிய மருந்து எதையும் கொடுக்காமல், நோயாளியின் சொல்லைத் தவறாமல் கேட்டதால் வந்த வித்தியாசம் ஐந்து மாதத்துக்கு மேல்.

வயதானவர்களுக்கு இது ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்த ஆராய்ச்சியில் கணினியைத் தொட்டுப் பழகாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது அங்கிருந்த கருவியில் பதிந்தார்கள். பலன் அவர்களுக்கே அதிகமாகக் கிடைத்தது.

பிரான்ஸ் நாட்டின் லெ மான்ஸ் நகரத்து டாக்டர் ஃபப்ரீஸ் டெனியின் குழு, நுரையீரல் புற்றுநோயாளிகளை வாரம் ஒரு முறை தம் நிலையைப் பதியச் செய்தது. 2019இல் வெளியிட்ட முடிவில், பதிந்தவர்களின் ஆயுட்காலம் நடுக்கணக்கில் 22.5 மாதம், மற்றவர்களுக்கு 14.9 மாதம். நோய் திரும்புவதை முன்கூட்டியே கண்டு, உடம்பில் தெம்பு இருக்கும்போதே மறு சிகிச்சை தொடங்க முடிந்தது இதற்கு ஒரு காரணமாகும்.

தராசில் மறுதட்டையும் வைக்க வேண்டும். அமெரிக்காவில் 52 சிகிச்சை நிலையங்களில் 1,191 பேரை வைத்து நடந்த பெரிய ஆராய்ச்சியில், உபாதை குறைந்தது, நடமாட்டம் மேம்பட்டது, அவசரப் பிரிவுக்குப் போவதும் தள்ளிப்போயிற்று. ஆனால் ஆயுட்காலத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. ஆகவே "செயலியைப் போட்டுக்கொண்டால் ஆயுள் கூடும்" என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. வேதனை குறைகிறது, ஆபத்து முன்னதாகத் தெரிகிறது என்ற அளவுக்கே நாம் உறுதியாகச் சொல்லலாம். அதுவே பெரிய விஷயமல்லவா? அந்த ஆராய்ச்சியில் இணையம் வேண்டாதவர்கள் தானாக அழைக்கும் தொலைபேசிக்குப் பதில் சொல்லியும் தெரிவிக்கலாம் என்று வைத்திருந்தார்கள். எனவே விலையுயர்ந்த கைப்பேசி இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ள வழி உண்டு.

5. நமக்கு இது புதிதா?

மலேசிய மக்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. 2020 ஏப்ரலில் வந்த மைசெஜாத்ரா செயலி எல்லாருக்கும் நினைவிருக்கும். கடைவாசலில் ஒட்டிய கட்டத்தைக் கைப்பேசியில் காட்டிவிட்டுத்தான் வாடிக்கைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். தொற்றுக் கண்டு வீட்டில் தனித்திருந்தவர்கள், காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குகிறதா என்று அதே செயலியில் தினமும் பதிந்து வந்தார்கள். பலர் விரலில் மாட்டும் சிறு கருவியால் பிராணவாயுவின் அளவையும் பார்த்துக்கொண்டார்கள். நிலை மோசமானால் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொலைவிலிருந்து கவனிப்பது என்பது இதுவே. எழுபது வயதுப் பாட்டியும் பேரப்பிள்ளையின் துணையோடு அன்று பதிந்தார். அன்று முடிந்தது இன்றும் முடியும்.

செயலி இல்லாமலும் இதே நோக்கம் நிறைவேறிய இடங்கள் உண்டு. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியில், மலேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2014 முதல் மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு வழிகாட்டும் திட்டம் ஒன்றை நடத்தியது. தேதிக்கு வராதவரைத் தேடி அழைப்பதும், பயந்தவருக்கு விளக்கிச் சொல்வதும், போக்குவரத்துச் சிரமத்தைத் தீர்க்க வழி பார்ப்பதும் வழிகாட்டிகளின் வேலை.

கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் வேறு சிலரும் தொடங்கிய வலி நிவாரணச் சங்கத்தின் வழியாக, மலப்புறம் முதலிய இடங்களில் அண்டை வீட்டார் அமைப்புகள் உண்டாயின. சிறு பயிற்சி பெற்ற ஊரார் நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துத் தாதிக்குத் தெரிவிப்பார்கள். சாதாரண மக்கள் கொடுக்கும் சிறு சிறு தொகைகளே அதன் செலவைத் தாங்கின. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும், நாட்பட்ட நோயாளிகளுக்கு மருந்தோடு, படுத்த படுக்கையானவர்களுக்கு வலி தணிக்கும் கவனிப்பும் வீடு தேடிப் போகிறது. நம் மாநிலத்திலும் நெகிரி செம்பிலான் ஹோஸ்பிஸ் சங்கம் முற்றிய நோயாளிகளை வீடுகளில் சென்று கவனிக்கிறது. ஆள் தேடிப் போகும் இந்த முறைகளும், கைப்பேசி முறையும் ஒன்றுக்கொன்று துணையானவை.

6. எச்சரிக்கைகள்

செயலி டாக்டர் ஆகாது. பதிவை இரவில் யாராவது படிக்கிறார்களா, மறுநாள் காலையில்தான் படிப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல், மூச்சுத்திணறல், நிற்காத இரத்தம், நினைவு தடுமாற்றம் ஆகியவற்றுக்குப் பொத்தானைத் தட்டிவிட்டுக் காத்திருக்கலாகாது. 999ஐ அழைக்க வேண்டும். அல்லது நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஆஸ்பத்திரி கொடுக்கும் செயலி வேறு. எவரோ விற்கும் செயலி வேறு. "இந்தச் செயலியில் பேர் பதிந்தால் புற்றுநோயைக் குணமாக்கும் பானம் பாதி விலை" என்று வாட்ஸாப்பில் வரும் விளம்பரங்களுக்கு இடம் கொடுக்கலாகாது. நம் கடையில் அப்படிப்பட்ட சரக்கை வைக்கச் சொல்லிக் கேட்டு வருபவர்களுக்கும் இடம் கொடுக்கக் கூடாது. லாபம் எவ்வளவு ஆனாலும் அது வேண்டாம்.

நோயாளியின் விவரம் அமானிதம். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வியாபாரத்தில் சேரும் ஒருவருடைய விவரத்தை அவர் சம்மதமின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு பெண்ணின் நோயைக் கடைப் பேச்சாக்குவது நமக்கு ஆகுமா? கலியாணத்துக்கு நிற்கும் பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்பேச்சு எவ்வளவு கேடு செய்யும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பயத்தாலேயே டாக்டரிடம் போகாதவர்கள் உண்டு.

ரமலான் மாதத்தில் இன்னொரு கவனம் வேண்டும். சில புற்றுநோய் மாத்திரைகளைக் காலையும் மாலையும் குறித்த நேரத்தில் விழுங்க வேண்டும். நோன்புக்காகத் தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும், நோன்பு விட்டுவிடுமோ என்று வாந்தியையும் களைப்பையும் மறைப்பதும் சரியல்ல. நோயாளிக்குச் சலுகை இருப்பதை ஆலிம்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்டு, ஆலிமிடமும் கேட்டு நடந்துகொள்வதே முறை. வக்துக்கு மணியடிக்கும் கைப்பேசி, மாத்திரைக்கும் மணியடிக்கட்டும்.

7. கடைக்காரர் செய்யத்தக்கவை

முதலாவது, நல்ல வெப்பமானி ஒன்றிரண்டை வாங்கி வைத்துக்கொள்ளலாம். சிகிச்சையில் இருப்பவர் வீட்டில் அது இல்லையென்றால் கொடுக்கலாம். அதன் விலை நம்மில் யாருக்கும் பாரமல்ல. 38 டிகிரி என்ற எண்ணையும், ஆஸ்பத்திரியின் எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி அதோடு ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஆஸ்பத்திரியில் செயலி உண்டா என்று கேட்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஐந்து காசு நோட்டுப்புத்தகமும் அதே வேலையில் பாதியைச் செய்யும். தேதி, சூடு, சாப்பாடு, வாந்தி, வலி என்று ஐந்து பத்தி போட்டு, 0 முதல் 4 வரை எண் எழுதி, டாக்டரைப் பார்க்கும்போது கொண்டுபோகச் சொல்லலாம். பத்து நாளைக்கு முன் வந்த உபாதையை நோயாளி மறந்துவிடுவார், நோட்டு மறக்காது. எண் 3ஐத் தொட்டால் அன்றே அழைக்க வேண்டும் என்பதையும் அட்டையில் எழுதிவைக்கலாம்.

மூன்றாவது, செயலியின் கேள்விகள் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தோட்டத்து முதியவர்களுக்கு அது தடை. நம் கடைப் பையன்களில் விஷயம் தெரிந்தவர், பொறுமையும் வாயடக்கமும் உள்ளவர் ஒருவர், நோயாளி கேட்டுக்கொண்டால் மட்டும் படித்துச் சொல்லிப் பதிய உதவலாம். பெண்களுக்குப் பெண்பிள்ளைகளே உதவுவது நல்லது. பதில் நோயாளியின் பதிலாகவே இருக்க வேண்டும். "பரவாயில்லை என்று போட்டுவிடு" என்று வீட்டார் சொன்னாலும் அப்படிப் போடக் கூடாது.

நான்காவது, இரவில் கார் வேண்டும்போது யாரை அழைக்கலாம் என்று வியாபாரிகளுக்குள் ஒரு முறை வைத்துக்கொள்வது. வாரத்துக்கு ஒருவர் என்று நான்கு பேர் சேர்ந்தால் மாதம் கழிந்துவிடும். எச்சரிக்கை தெரிந்தும் வாகனம் இல்லாமல் விடியும்வரை காத்திருந்தால், மேலே சொன்ன ஆராய்ச்சிகள் எல்லாம் நம் மக்களுக்குப் பயன்படாமல் போய்விடும்.

8. மனனம் செய்துகொள்ள வேண்டிய வினாக்கள்

வழக்கம்போல் பாடத்தை வீட்டில் மனைவி மக்களுக்கும் படித்துக் காட்டி, கீழ்க்கண்டவற்றுக்கு விடை சொல்லச் சொல்லுங்கள்.

அ. மருந்து ஏற்றிய பின் எந்த நாட்களில் காய்ச்சலுக்கு அதிகம் அஞ்ச வேண்டும்? சூடு எத்தனை டிகிரி ஆனால் உடனே புறப்பட வேண்டும்?

ஆ. சூடு பார்ப்பதற்கு முன் பனடோல் கொடுக்கக் கூடாது, ஏன்?

இ. நியூயார்க் ஆராய்ச்சியில் நோயாளிகளுக்குக் கிடைத்த நன்மைகள் யாவை? பெரிய அமெரிக்க ஆராய்ச்சியில் கிடைக்காதது எது?

ஈ. செயலியின் பதிவைப் படிப்பவர் இல்லையென்றால் என்ன ஆகும்?

உ. நம் கடைக்கு வரும் குடும்பங்களில், இப்பொழுது சிகிச்சையில் இருப்பவருக்கு வெப்பமானி இருக்கிறதா?

கடைசி வினாவுக்கு விடை இந்தப் பாடத்தில் இல்லை. நோயாளியின் வீட்டாரிடம் மெதுவாக விசாரித்தே தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது யாருடைய பெயரும் சொல்லாமல், எத்தனை வெப்பமானி, எத்தனை நோட்டு, எத்தனை இரவுக் கார் தேவைப்படுகிறது என்ற தொகையை மட்டும் கொண்டுவாருங்கள். இன்ஷா அல்லாஹ், செலவைப் பங்கிட்டுக்கொள்வோம்.